சங்கிலியில் ஒரு குட்டி

எங்கள் மாடி வீட்டுக்காரர் ஒரு நாவலை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகத்தில் கோபம் இருந்தது. இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்களே குறைவு; கோபத்தோடு திருப்பிக் கொடுக்கிறவர்கள் அதைவிடக் குறைவு. படிக்காமல் கோபம் வராது. ஆகவே எனக்கு உள்ளூரச் சந்தோஷந்தான்.

“என்ன சார் இது! கண்ணுக்குள் வைத்து வளர்க்கிறான். பால் கொடுக்க ஒரு நாயை ஏற்பாடு பண்ணுகிறான். தான் சாப்பிடுவதில் பங்கு வைத்துப் போடுகிறான். கடைசியில் தன் கையாலேயே அடித்துக் கொன்றுவிட்டானே! இதைப் போய் நல்ல நாவல் என்று சிபாரிசு பண்ணினீர்களே?”

அவர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கோட்டூர்புரத்தில் இருபது வருஷமாக எங்களுக்கு மேலே குடியிருக்கிறார். அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-இல் நாங்கள் நடந்து போகிற தூரத்திலேயே திறக்கப்பட்டும், அவருக்கு இன்னும் என் அலமாரிதான் நூலகம். அவர் கேட்ட கேள்விக்கு அப்போது சரியான பதில் வரவில்லை. ஏதோ முனகிவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். நல்ல பதில்கள் எல்லாம் எனக்கு எப்போதும் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் கேட்டவர் போய்விடுவார். எழுத்தாளனுக்குப் பத்திரிகை என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான் என்று சில சமயம் தோன்றுகிறது.

நாவலின் பெயர் ‘ஓநாய் குலச்சின்னம்’. சீன எழுத்தாளர் ஜியாங் ரோங் எழுதியது. 2004-இல் வெளிவந்து, சீனாவில் லட்சக்கணக்கில் விற்றது. ஆசிய எழுத்துக்கென்று புதிதாக ஏற்படுத்தின மான் இலக்கியப் பரிசு முதன்முதலில், 2007-இல், இதற்குத்தான் கிடைத்தது. ஹோவர்ட் கோல்ட்பிளாட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2008-இல் வந்தது, தமிழில் சி. மோகன் மொழிபெயர்த்திருக்கிறார். ஜியாங் ரோங் என்பது புனைபெயர். ஆசிரியர் கலாசாரப் புரட்சிக் காலத்தில், 1967-இல், பெய்ஜிங்கிலிருந்து உள் மங்கோலியாவின் மேய்ச்சல் நிலத்துக்குப் போய், பதினோரு வருஷம் அங்கே வாழ்ந்தவர். ஓநாய்க் குட்டி ஒன்றைத் தாமே வளர்த்ததாகவும் சொல்லியிருக்கிறார். ஆகவே கதையில் வருகிற சென் ஜென் என்ற மாணவன் பெரும்பாலும் அவரேதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நகரத்துப் பையன் ஒருவன் மேய்ப்பர்களிடையே போய்ச் சேருகிறான். பில்ஜி என்ற கிழவர் அவனுக்குக் குரு. ஓநாய் ஆட்டைத் தின்னுகிறது. ஆனால் புல்லைத் தின்று தீர்க்கிற மானையும் மர்மோட் என்ற எலி ஜாதிப் பிராணியையும் அதுதான் தின்னுகிறது. ஓநாய் போனால் புல் போகும், புல் போனால் ஆடும் போகும் என்பது கிழவரின் கட்சி. வெளியிலிருந்து வருகிற அதிகாரிகளுக்கு இது புரிவதில்லை. ஓநாய்களைக் கொன்று தீர்க்கிறார்கள். கடைசியில் புல்வெளி மணலாகிறது. இதற்கு நடுவில் சென் ஜென் குகையிலிருந்து ஒரு குட்டியை எடுத்து வந்து வளர்க்கிறான். பில்ஜிக்கு அது பிடிக்கவில்லை. தெய்வமாக மதிக்கிற பிராணியை நாய் மாதிரி கட்டிப் போடுவது அவருக்குப் பாபம்.

நாவலில் பாதிக்கு மேல் சொற்பொழிவு. விவசாயம் செய்கிற சீனர்கள் ஆட்டு ஜாதி, குதிரையேறித் திரிகிற நாடோடிகள் ஓநாய் ஜாதி, ஆடுகள் ஓநாய்களிடம் பாடம் படிக்க வேண்டும் என்று ஆசிரியர் பாத்திரங்களின் வாயில் புகுந்து பேசுகிறார். மூலத்தின் கடைசியில் இதற்கென்றே ஒரு நீண்ட பின்னுரை உண்டு. ஆங்கிலத்தில் அதை நீக்கிவிட்டார்கள். நீக்கிய கைக்கு ஒரு நமஸ்காரம். ஜனங்களை இந்த மிருகம், அந்த மிருகம் என்று பிரிக்கிற எழுத்து எந்த நாட்டில் வந்தாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஓநாய் மங்கோலியரின் குலச்சின்னமே அல்ல என்று மங்கோலிய எழுத்தாளர் ஒருவரே 2015-இல் பகிரங்கமாக ஆட்சேபித்தார். அந்த வழக்கைத் தீர்க்கிற தகுதி எனக்கு இல்லை. நான் பேச வந்தது அந்தக் குட்டியைப் பற்றி.

நம்மில் பெரும்பாலோர் ஓநாயைப் பழமொழியில்தான் பார்த்திருக்கிறோம். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய் அது. மிஷ்கின் 2013-இல் எடுத்த படத்தின் தலைப்பில்கூட ஓநாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது. எங்கள் பேட்டையை ஒட்டிய கிண்டிக் காட்டில் நரி உண்டு, ஓநாய் இல்லை. வண்டலூரில் ஒரு தடவை பார்த்தேன். வேலி ஓரமாக ஒரே கோட்டில் போவதும் வருவதுமாக இருந்தது. குழந்தைகள் கூச்சல் போட்டார்கள்; அது ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்தக் காலடிகளின் ஒழுங்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

இந்தியாவைப் பற்றிய பிரபலமான கதைகளில் ஓநாய்தான் மனிதனை வளர்க்கிறது. கிப்ளிங் 1894-இல் மௌக்லியைச் சிவனிக் காட்டு ஓநாய்களிடம் விட்டார். 1920-இல் மிதுனபுரியில் அநாதை விடுதி நடத்திய பாதிரியார் ஒருவர் ஓநாய்க் குகையிலிருந்து இரண்டு பெண் குழந்தைகளை மீட்டதாகச் சொன்னார். அமலா, கமலா என்ற அந்தப் பெயர்கள் எத்தனையோ பாடப் புத்தகங்களில் ஏறின. பிற்பாடு துருவிப் பார்த்தவர்கள் அந்தக் கதை நிற்காது என்று காட்டிவிட்டார்கள். மனிதன் ஓநாயை வளர்க்கிற கதை நம்மிடம் அரிது. இப்போது வளர்க்கவும் முடியாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதனாலோ என்னவோ, குட்டி வரும் அத்தியாயங்கள் தமிழ் வாசகனுக்குப் புத்தம் புதிதாக இருக்கின்றன.

அந்த அத்தியாயங்களில் சொற்பொழிவு நின்றுவிடுகிறது. பார்வை தொடங்குகிறது. குட்டி ஒரு தாய் நாயின் மடியில் அதன் குட்டிகளோடு முட்டி மோதிப் பால் குடிக்கிறது. கொஞ்சம் வளர்ந்ததும் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தின் பக்கத்தில் யாரையும் அண்டவிடுவதில்லை. போடுகிறவனையே சேர்த்துச் சீறுகிறது. வயிறு நிறைந்த பிறகு அதே ஆளோடு விளையாடுகிறது. வெயில் காலத்தில், மரமோ நிழலோ இல்லாத அந்த நிலத்தில், சங்கிலி எட்டுகிற வட்டத்துக்குள்ளேயே மண்ணைத் தோண்டிக் குழி பறித்து உள்ளே படுத்துக்கொள்கிறது. அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ராத்திரி மலையிலிருந்து ஓநாய்கள் ஊளையிடும்போது பதில் சொல்லப் பார்க்கிறது. நாய்களோடு வளர்ந்ததால் சரியான ஊளை வரவில்லை. தன் பாஷையைத் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடிக்கிறது. மலையில் இருப்பவைக்கு இது யார் குரல் என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் குழம்புகிற அந்த இடம் மகா துக்ககரமானது. சோகத்தை வரவழைக்க ஆசிரியர் அங்கே ஒரு வார்த்தை அதிகம் செலவு செய்யவில்லை.

பிறகு, யாரையாவது கடித்துவிடும் என்ற பயத்தில், சென் ஜென் அதன் கோரைப் பற்களின் நுனியை வெட்டிவிடுகிறான். மேய்ச்சல் நிலம் மாறும்போது குட்டியை வண்டியில் கட்டி நடத்தப் பார்க்கிறான். அது நடக்க மறுக்கிறது. வண்டி நிற்கவில்லை. காலை ஊன்றிக்கொண்டு, கழுத்து அறுபட, இழுபட்டே வருகிறது. அந்தப் புண்தான் கடைசியில் அதைச் சாகும் நிலைக்குக் கொண்டு வருகிறது. இனிப் பிழைக்காது என்று தெரிந்ததும் சென் ஜென் தன் கையாலேயே அதைக் கொல்கிறான். தோலை உரித்து, உயரமான கம்பத்தில் கட்டிப் பறக்கவிடுகிறான். ஆகாயத்துக்குப் போய்விட்டதாம்.

ஆசிரியர் இதிலிருந்து எடுக்கிற முடிவு, ஓநாயை மனிதன் அடக்க முடியாது. சிங்கமும் யானையும் சர்க்கஸில் ஆடும், ஓநாய் ஆடாது. அதன் மானம் அப்படிப்பட்டது என்பது. வாசகர்களில் பெரும்பாலோர் இதை ஒப்புக்கொண்டு கண் கலங்குகிறார்கள். நானும் முதல் தடவை கலங்கினேன். இரண்டாவது தடவை படித்தபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது. நமக்கு அவர் காட்டினது ஓநாயின் சுபாவமா, சங்கிலியின் சுபாவமா?

மாடி வீட்டுக்காரரிடம் ஜிம்மி என்று ஒரு நாய் இருக்கிறது. தெருவில் பிறந்தது. எடுத்து வளர்க்கிறார். ஒரு நாள் சாயங்காலம் அதன் பந்து எதிர்வீட்டு இரும்புக் கேட்டுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. ஜிம்மி மூக்கை நுழைத்துப் பார்த்தது. காலால் பிறாண்டிப் பார்த்தது. அவ்வளவுதான், ஐந்து விநாடி இருக்கும். உடனே திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது. மறுபடி பந்தைப் பார்த்தது. மறுபடி அவர் முகம். அவர் உருகிப் போய், “பார்த்தீர்களா சார், என்னைக் கூப்பிடுகிறது!” என்று வயதை மறந்து தரையில் குனிந்து கையை விட்டார்.

இதே காட்சியைப் புடாபெஸ்டில் விஞ்ஞானிகள் ஒரு பரீட்சையாகவே நடத்தினார்கள். ஓநாய்க் குட்டிகளையும் நாய்க் குட்டிகளையும் பிறந்த சில நாளிலேயே எடுத்து, புட்டிப்பால் கொடுத்து, ஆளுக்கு ஒரு குட்டியாக இரவும் பகலும் கூடவே வைத்து வளர்த்தார்கள். பிறகு, இழுத்தால் இறைச்சி கிடைக்கிற ஒரு கயிற்றைக் காட்டினார்கள். இரண்டும் சீக்கிரமே கற்றுக்கொண்டன. அடுத்த தடவை, எவ்வளவு இழுத்தாலும் வராதபடி கயிற்றைக் கட்டிவிட்டார்கள். நாய்கள் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வளர்த்தவரின் முகத்தைப் பார்த்தன. ஓநாய்கள் இழுத்துக்கொண்டே இருந்தன. 2003-இல் அந்த முடிவை வெளியிட்டார்கள். ஓநாய் மனிதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை, நாய் பார்க்கிறது என்பது அதன் சாரம்.

இதை மட்டும் படிக்கிறவர்கள் ஜியாங் ரோங் சொன்னது சரி என்று சொல்லிவிடுவார்கள். ஓநாய்க்கு மனிதன் பொருட்டே இல்லை, வளர்த்த பாசம் வீண் என்று தோன்றும். 2005-இல் அதே புடாபெஸ்ட்காரர்கள் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். தாயிடம் குழந்தைக்கு எவ்வளவு ஒட்டுதல் என்று பார்க்க மனோதத்துவக்காரர்கள் வைத்திருக்கிற ஒரு பரீட்சை உண்டு; அதை நாலு மாதக் குட்டிகளுக்கு வைத்தபோது, நாய்க் குட்டிகளிடம் கண்ட ஒட்டுதல் ஓநாய்க் குட்டிகளிடம் காணோம் என்றார்கள்.

ஆனால் விஷயம் அங்கே நிற்கவில்லை. ஸ்வீடனில், ஸ்டாக்ஹோம் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் பத்து ஓநாய்களையும் பன்னிரண்டு நாய்களையும் பிறந்த பத்தாவது நாளிலிருந்து கையில் வளர்த்து, இருபத்து மூன்றாவது வாரத்தில் அந்த மாதிரிப் பரீட்சையை வைத்தார்கள். ஓர் அறையில் வளர்த்தவரும் அந்நியரும் மாறி மாறி வருவார்கள், போவார்கள். 2022-இல் வந்த முடிவு என்னைத் திடுக்கிட வைத்தது. வளர்த்தவர் யார், அந்நியர் யார் என்று ஓநாய்கள் தெளிவாகப் பிரித்துப் பார்த்தன. வளர்த்தவரிடமே அதிகம் ஒட்டி நின்றன. அந்நியரோடு தனியே விட்டபோது ஓநாய்கள் நிலைகொள்ளாமல் அறைக்குள் உலாத்தின. வளர்த்தவர் உள்ளே வந்ததும் அந்த உலாத்தல் அடங்கிற்று. நாய்களுக்கு அந்தப் பதற்றமே பெரிதாக வரவில்லை. எந்த மனிதரானாலும் அவைக்கு ஓரளவு சம்மதந்தான். அந்த ஓநாய்களுக்கோ அந்த ஒருவர்தான் வேண்டியிருந்தது.

ஆஸ்திரியாவில் எர்ன்ஸ்ட்ப்ரன் என்ற ஊரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கையில் வளர்த்த ஓநாய்கள் வளர்த்தவர்களோடு வாரில் பூட்டி நடந்து போகின்றன. ஆம், வாரில்தான். ஓநாயும் மனிதனும் ஒரே சமயத்தில் கயிற்றை இழுத்தால்தான் தீனி வரும் என்று ஒரு பரீட்சை வைத்து, 2019-இல் முடிவைச் சொன்னார்கள். ஓநாய்களும் மனிதனோடு ஒத்துழைத்தன, நாய்களும் ஒத்துழைத்தன. வித்தியாசம் ஒன்றுதான். நாய் மனிதன் தொடங்கட்டும் என்று காத்திருந்து பின்னால் போயிற்று. ஓநாய் தானே முதலில் போயிற்று.

இந்த இடத்திலிருந்து திரும்பி நாவலைப் பார்த்தால் என்ன தெரிகிறது? சென் ஜென்னின் குட்டி வண்டியோடு நடக்க மறுத்ததை ஆசிரியர் ஓநாய் குலத்தின் மானமாக எழுதிவிட்டார். நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். பிறந்ததிலிருந்து ஒரு முளையைச் சுற்றியே வளர்ந்த பிராணிக்கு, திடீரென்று ஒரு நாள், மாட்டு வண்டியின் வேகத்துக்குப் பின்னால் ஓடி வா என்றால் என்ன செய்யும்? அதற்கு முன் அந்தக் குட்டியோடு அவன் ஒரு நாளாவது தோளுக்குத் தோள் நடந்து போனானா? மேய்ப்பர்களின் ஆடுகளும் மற்றவர்களின் பயமும் அவனை அப்படி விடவில்லை என்பது வாஸ்தவம். 2024-இல் உத்தரப் பிரதேசத்து பஹ்ராயிச் ஜில்லாவில் ஓநாய்கள் குழந்தைகளைத் தூக்கிப் போனதைப் படித்தவர்கள் அந்தப் பயத்தைக் கேலி செய்ய மாட்டார்கள். ஆனால் நிர்ப்பந்தம் வேறு, சுபாவம் வேறு. தன் நிர்ப்பந்தத்தைக் குட்டியின் சுபாவமாக மாற்றிவிட்டால் வளர்த்தவன் மனசுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். நாவலாசிரியருக்கு அந்த நிம்மதி தேவையாக இருந்திருக்கிறது.

இருந்தும் அவர் பெரிய எழுத்தாளர் என்று நான் சொல்வதற்குக் காரணம், தம் கட்சிக்கு விரோதமான சாட்சிகளையும் அவர் மறைக்கவில்லை என்பதுதான். சாப்பாட்டு வேளையில் அவன் குரல் கேட்டதும் சங்கிலி விறைக்கக் குட்டி துள்ளுவதை எழுதியிருக்கிறார். வயிற்றைத் தடவிக் கொடுக்க அது மல்லாந்து படுப்பதை எழுதியிருக்கிறார். பல்லை வெட்டிய கை அவன் கைதான் என்பதையும், அந்தப் புண் ஆறவில்லை என்பதையும் எழுதியிருக்கிறார். கொள்கை ஒரு பக்கம் இழுக்க, கண்ணால் கண்டது இன்னொரு பக்கம் இழுக்க, அவர் இரண்டையும் அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாமர்த்தியமான ஆசிரியர் ஒருவர் இந்தச் சாட்சிகளைக் களைந்திருப்பார். புத்தகமும் செத்துப் போயிருக்கும்.

ஜாக் லண்டன் அப்படிச் சாமர்த்தியசாலி. 1906-இல் வந்த அவருடைய ‘வெள்ளைக் கோரை’யை நான் சிறு வயதில் படித்துப் பைத்தியமானவன். காட்டில் பிறந்த அந்தப் பிராணி அடியும் உதையும் பட்டுக் குரூரமாகி, பிறகு ஒரு நல்ல எஜமானின் அன்பினால் கனிந்து, கலிபோர்னியா வெயிலில் நாய்க் குட்டிகள் மேலே ஏறி விளையாடப் படுத்துக்கொள்கிறது. படிக்க எவ்வளவு இதமாக இருக்கிறது! ஆனால் அதன் தாய்க்குப் பாதி நாய் ரத்தம் என்று லண்டன் முன்னாலேயே சொல்லிவைத்துவிட்டார். கால் பங்கு நாய். அன்பு ஜெயிக்க வேண்டும் என்றால் அந்தக் கால் பங்கு தேவைப்பட்டது போலிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே அன்பின் அடையாளம் அடங்கிப் போவதுதான்.

சங்கிலியும் வேண்டாம், அடக்கமும் வேண்டாம் என்று வாழ்ந்து பார்த்த ஒருவரின் புத்தகமும் இருக்கிறது. மார்க் ரோலண்ட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் அமெரிக்காவில் அலபாமாவில் வேலை பார்த்தபோது ஓர் ஓநாய்க் குட்டியை விலைக்கு வாங்கினார். வீட்டுக்கு வந்த சில நிமிஷங்களிலேயே அது திரைச்சீலைகளைக் கிழித்து, குளிர்சாதன யந்திரத்தின் குழாய்களையும் பதம் பார்த்துவிட்டதாம். தனியே விட்டால் வீடு மிஞ்சாது என்று தெரிந்ததும், அவர் அதைக் கல்லூரிக்கே அழைத்துப் போனார். அவர் பாடம் நடத்த, வகுப்பு மூலையில் அது படுத்திருக்கும். இப்படியே அயர்லாந்து, பிரான்ஸ் என்று தேசம் தேசமாகக் கூடவே கொண்டு போனார், அது வியாதியில் சாகும் வரைக்கும். 2008-இல் வெளியான அந்தப் புத்தகத்தில் நாவலுக்குரிய அழகு கிடையாது. நடுவே தத்துவ வகுப்பு நடத்திவிடுகிறார், உத்தியோகம் அப்படி. ஆனால் ஓர் உண்மை அதில் வெளியாகிறது. ஓநாயை வளர்த்ததில் மாறிப் போனது அவருடைய ஜீவனம். சென் ஜென் குட்டிக்காக எவ்வளவோ பாடுபட்டான். தன் ஜீவனத்தின் வட்டத்தை மாற்றிக்கொள்ள அவனால் முடியவில்லை. குட்டியின் வட்டத்தைத்தான் சுருக்கினான்.

இந்த நாவலை 2015-இல் ஜான் ஜாக் அன்னோ என்ற பிரெஞ்சு டைரக்டர் படமாக எடுத்தார். அதில் ஒரு வேடிக்கை. மனிதனால் வளர்க்க முடியாத ஓநாயைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும். அதற்கு மனிதனிடம் வளர்ந்த ஓநாய்கள் வேண்டும்! ஆண்ட்ரூ சிம்ப்ஸன் என்ற பயிற்சியாளர் சிறு குட்டிகளாக எடுத்து, வருஷக் கணக்கில் கூடவே இருந்து வளர்த்துப் பழக்கினார். திரையில் நாம் பார்க்கிற அடங்காத ஓநாய்கள் எல்லாம் சிம்ப்ஸனை அடையாளம் கண்டு ஓடி வருகிறவை. படப்பிடிப்பு முடிந்ததும் அவைகளைத் தெருவில் விடவில்லை. கனடாவுக்குத் தம்மோடு கொண்டு போனார். நாவலின் கட்சிக்கு இதைவிட வலுவான மறுப்பை எந்த விமர்சகனும் எழுத முடியாது. படம் எடுத்தவர்களே செலவு செய்து நிரூபித்துவிட்டார்கள்.

படத்தில் முடிவையும் மாற்றிவிட்டார்கள். குட்டி சாகவில்லை. சுதந்திரமாகப் புல்வெளிக்குப் போய்விடுகிறது. தியேட்டரை விட்டு வெளியே வருகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கலாம். மாடி வீட்டுக்காரருக்கு இந்த முடிவு பிடித்திருக்கும். எனக்கு இது பிடிக்கவில்லை. பல்லின் நுனி போன, வேட்டையாடத் தாயிடம் கற்றுக்கொள்ளாத பிராணியைப் புல்வெளியில் விட்டால் பட்டினிதான். கட்டிப் போட்டவனுக்கு அவ்வளவு சுலபமாக விடுதலை கிடைத்துவிடக் கூடாது.

ஆகவே மாடி வீட்டுக்காரரின் கோபத்துக்கு என் பதில் இதுதான்: அந்த அடி இந்த நாவலில் நிஜம். வளர்த்தவன் தன் கையால் செய்ததைத் தன் கையாலேயே முடிக்கிறான். ஆசிரியர் அங்கே ஓடி ஒளியவில்லை. எனக்குச் சம்மதமில்லாதது அதற்குப் பிறகு வருகிற கம்பம். அந்த ஊர் வழக்கம் என்பது சரி. பில்ஜியோ வேறு மேய்ப்பரோ அதைச் செய்தால் நான் தலை குனிந்திருப்பேன். ஆனால் சென் ஜென் செய்யும்போது, செத்த குட்டி காற்றில் துள்ளி விளையாடுவது போல அவர் வர்ணிக்கிறபோது, கதாசிரியர் தமக்குத் தாமே மன்னிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார் என்று தோன்றுகிறது. மண்ணில் கிடந்த குட்டியோடு அத்தியாயத்தை நிறுத்தியிருக்கலாம்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடம் சொன்னேன். ஜிம்மி காலடியில் படுத்திருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சம்பந்தமில்லாதது போல அவருடைய அண்ணன் பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அண்ணன் இறந்தபோது பையனுக்கு ஏழு வயது. இவர்தான் வளர்த்துப் படிக்கவைத்தார். இப்போது வெளிநாட்டில் இருக்கிறான்.

“வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்களே, அந்த மாதிரியெல்லாம் இல்லை சார். நல்ல பையன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மறுநாளே வந்து நின்றான். ஆனால், ஏழு வயசிலிருந்து இன்றைக்கு வரைக்கும் என்னிடம் ஒன்று வேண்டும் என்று அவன் வாய் திறந்து கேட்டதில்லை. சட்டை கேட்டதில்லை, சினிமாவுக்குக் காசு கேட்டதில்லை. எதுவானாலும் தானே முட்டி மோதிப் பார்ப்பான். ஒட்டவே இல்லை என்று என் சம்சாரத்திடம் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வேன்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“அந்த ஸ்வீடன் தேசத்துப் பரீட்சை என்றீர்களே, ஆள் உள்ளே வந்ததும் உலாத்தல் அடங்கிப் போச்சு என்று. அதை இன்னொரு தரம் சொல்லுங்கள்” என்றார்.

சொன்னேன். கேட்டுக்கொண்டார். எழுந்து போகும்போது மேஜை மேலிருந்த நாவலை எடுத்துக்கொண்டார். “குட்டி வருகிற இடம் மட்டும் இன்னொரு தரம் பார்க்கிறேன் சார். மற்றதெல்லாம் ரொம்ப லெக்சர்” என்றார்.

மூன்று மாதமாகிறது. புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.